ஏழாம் வில்லை

வாயிலில் கொடுத்த மூன்று பித்தளை வில்லைகளில் ஒன்று மட்டும் ஈரமாக இருந்தது.

வெளியே நல்ல மழை. மழை நாளில் ஈரத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவன் யார்? ஆனால் மேசை உலர்ந்திருந்தது. காவலாளியின் கை உலர்ந்திருந்தது. வில்லைகளைப் போட்டு வைத்திருந்த தகர டப்பாவும் உலர்ந்திருந்தது. ஏழு என்று எண் பொறித்த அந்த ஒன்றின் விளிம்பில் மட்டும் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைச் சட்டையில் துடைத்தான். துடைத்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடாக உப்பு படிந்தது.

"இது எங்க மியூசியத்துக்குன்னே உள்ள பழக்கம் சார்," என்றார் காவலாளி. பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. "கடல்ல முங்கறவங்க படகுல இப்படித்தான் பண்ணுவாங்களாம். உள்ள போகும்போது வில்லையோட சிவப்புப் பக்கம் தெரியற மாதிரி மாட்டணும். வெளிய வரும்போது பச்சைக்குத் திருப்பணும். பலகை முழுக்கப் பச்சை ஆனாத்தான் நான் கதவைப் பூட்டுவேன். யாரும் உள்ள மாட்டிக்க முடியாது பாருங்க."

அவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிற பொருளையெல்லாம் கடலடியிலிருந்து எடுத்து வந்த படகில், ஆறு வருடம் அந்தப் பலகையைக் காத்தவன் அவன்தான். படகில் அவனுடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகம் இருந்ததில்லை. எல்லோருக்கும் அவன் 'பலகை'.

"இந்த ஏழாம் நம்பரை மாத்திக் குடுங்க. வேற நம்பர் ஏதாவது."

"ஏங்க?" என்றாள் மனைவி. "அது அண்ணனோட நம்பர். குட்டிகிட்ட அதுவே இருக்கட்டும்."

குட்டி அதற்குள் அவன் கையிலிருந்து வில்லையைப் பிடுங்கிக்கொண்டாள். எட்டு வயது. முழங்கால் வரை தொங்கும் மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்து அப்படியே வந்திருந்தாள். நுனிக்காலில் எம்பி, ஏழாம் கொக்கியில் சிவப்புப் பக்கமாக மாட்டினாள்.

"அப்பா, நான் தண்ணிக்குள்ள போயிட்டேன்!"

அவனும் சிரிக்கத்தான் பார்த்தான்.

இந்தக் கட்டடம் திறந்து நான்கு வருடம் ஆகிறது. முதுகுவலி, வேலை, மழை, வெயில் என்று நான்கு வருடமும் சாக்குச் சொல்லியே தள்ளியிருந்தான். போன வாரம் மனைவி கேட்டுவிட்டாள். "எங்க அண்ணன் எடுத்துக் குடுத்த ஜாடியை ஊரே வந்து பார்க்குது. நான் பார்க்கக் கூடாதா?" அதற்கு மேல் எந்த முதுகும் வலிக்க முடியாது.

முதல் கூடத்தில் ஜாடிகள். வாய் உடைந்தவை, சிப்பி ஒட்டியவை, ஒன்றோடொன்று இறுகிப் பிரிக்க முடியாமல் போனவை என்று சுவரோரமாக வரிசையாய் நின்றன. விளக்குகளை நீலமாக மங்க வைத்திருந்தார்கள். மழைக்கோட்டு போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் முப்பது பேர் ஆசிரியைக்குப் பின்னால் கோழிக்குஞ்சுகள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் மஞ்சள் கோட்டு. அவர்களுக்கு நடுவே குட்டி புகுந்தபோது எது தன் பிள்ளை என்று அவனுக்கே ஒரு கணம் தெரியவில்லை. மெழுகு வாசனையும் மருந்து வாசனையும் கலந்து வந்தன. அவற்றுக்கு அடியில், மிக மெல்லியதாக, வெயிலில் கிடந்த ரப்பர் வாசனை. முங்குகிறவர்களின் உடை வாசனை.

அந்தச் சத்தத்தையும் அங்கேதான் முதலில் கேட்டான். ஸ்ஸ்ஸ் என்று ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு குமிழ்கள் உடைந்து மேலே போகிற கொப்பளிப்பு. திரும்பவும் இழுப்பு. முதுகில் காற்று உருளையும் வாயில் குழாயுமாக ஒரு ஆள் மூச்சு விட்டால் எப்படிக் கேட்குமோ அப்படி.

"ஸ்பீக்கர் வச்சிருக்காங்க போல," என்றான்.

"என்ன ஸ்பீக்கர்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றாள் மனைவி.

"அந்த மூச்சு சத்தமா அப்பா?" என்றாள் குட்டி, ஜாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது நம்ம கூடவேதான் வருது."

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். அவன் மடியில் பதினோரு வருடக் கனம் இருந்தது.

படகில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அவனவன் வில்லையை அவனவன் கைதான் திருப்ப வேண்டும். கேப்டனே ஆனாலும் இன்னொருவன் வில்லையைத் தொடக் கூடாது. பலகைக்காரனின் வேலை பார்ப்பது, எண்ணுவது, சொல்வதுதான்; திருப்புவது அல்ல. ஆனால் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு மறதிப் பேர்வழி. மேலே வந்ததும் எடுத்து வந்த பொருளைக் குழந்தை மாதிரி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு நிற்பான். வில்லை சிவப்பாகவே தொங்கும். கேப்டனிடம் திட்டு வாங்குவானே என்று இவன் சத்தம் போடாமல் திருப்பிவிடுவான். சொந்தக்காரன்தானே. ஒரு முறை இல்லை, இருபது முறை.

அன்றைக்குக் காற்று திடீரென்று திரும்பியது. படகு பேயாட்டம் ஆடியது. எல்லோரையும் மேலே வரச் சொல்லிக் கயிற்றை ஆட்டினார்கள். மூன்றும் ஏழும் மட்டும் சிவப்பாக இருந்தன. ஏணியில் ஒரு கறுப்பு உடை ஏறி வந்தது. தலைமூடி போட்ட பின்பக்கம், ஒரு பக்கம் சரிந்த தோள். மச்சான்தான் என்று நினைத்தான். ஏழாம் வில்லையைத் திருப்பினான். அடுத்த நிமிடம் அந்த ஆளே வந்து மூன்றாம் வில்லையைத் திருப்பினான். அதை இவன் பார்த்தான். பார்த்தும், மழையில், கூச்சலில், அந்தக் கணத்தில் அது மண்டையில் ஏறவில்லை. "பலகை பச்சை!" என்று கத்தினான். நங்கூரம் ஏறியது. மச்சான் எங்கே என்று யாரோ கேட்டபோது நாற்பது நிமிடம் போயிருந்தது.

ஆள் கிடைக்கவே இல்லை. விசாரணையில் கேட்டார்கள். "அவரே திருப்பினார். என் கண்ணால பார்த்தேன்," என்றான். ஆக, மேலே வந்து வில்லையைத் திருப்பிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மறுபடி குதித்த அவசரக்காரன் என்று எழுதி முடித்தார்கள். மனைவி அழவில்லை. கோபப்பட்டாள். பதினோரு வருடமாக அதே கோபம். "சொல்லாம எப்படிங்க குதிப்பான்? எங்களை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தானா?" அண்ணனின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அலமாரிக்கு அடியில் வைத்தவள் அவள்தான். அந்தக் கோபம் தன் மேல் திரும்பினால் இந்த வீடு, இந்தக் குட்டி, இந்த வாழ்க்கை எதுவும் மிஞ்சாது என்று அவனுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டி, ஆமாம் என்றான்.

இரண்டாம் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பலகை இருந்தது. அசல் பலகை. ஓரத்தில் அவன் கத்தியால் கீறிய கோடுகள்கூட அப்படியே இருந்தன. 'கடைசி நாளில் இருந்த நிலையிலேயே பாதுகாக்கப்படுகிறது' என்று அட்டையில் எழுதியிருந்தது.

ஏழு சிவப்பாக இருந்தது.

அவன் கண்ணை மூடித் திறந்தான். ஒன்றிலிருந்து ஆறு வரை பச்சை. எட்டும் பச்சை. ஏழு சிவப்பு. பெட்டியின் அடியில், விரித்திருந்த வெள்ளைத் துணியில், ஏழுக்கு நேர் கீழே ஒரு ஈர வட்டம்.

"இது பச்சையால்ல இருந்தது?" என்றாள் மனைவி. "விசாரணை போட்டோவுல பச்சைதானே?"

"துடைக்கும்போது யாராவது திருப்பியிருப்பாங்க." தன் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"பெட்டி பூட்டித்தானேங்க இருக்கு."

மூச்சுச் சத்தம் இப்போது பக்கத்தில் கேட்டது. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது, மனைவியின் முகம் தெரிந்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்த இருட்டு கொஞ்சம் அதிகமாகக் கறுத்திருந்தது. ஒரு பக்கம் சரிந்து. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பக் கழுத்துக்குத் தைரியமில்லை.

"குட்டி எங்கே?"

குட்டி கடைசிக் கூடத்தில் இருந்தாள்.

அந்தக் கூடத்தில் ஒரே ஒரு பொருள்தான். மூழ்கிய கப்பலின் அடிக்கட்டை. சுவரிலிருந்து சுவர் வரை ஆளுயரக் கண்ணாடித் தொட்டி. உள்ளே பச்சைத் தண்ணீர். தண்ணீருக்குள் விலா எலும்புகள் மாதிரி வளைந்த கறுத்த மரங்கள். மேலே இரும்பு வலை போட்டுப் பூட்டியிருந்தது. ரப்பர் கையுறை போட்ட ஒரு பெண் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். மரங்களைப் பராமரிப்பது அவள் வேலை.

"அவ்வளவு வருஷம் கடல்ல கிடந்த மரத்தைச் சும்மா எடுத்துக் காயவச்சா நொறுங்கிடும். அதுக்குள்ள பூரா தண்ணிதான். அதனால தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய எடுத்து, அந்த இடத்துல மெழுகை ஏத்தறோம். இடத்தைக் காலியா விடக் கூடாது. ஒண்ணு வெளிய வந்தா இன்னொண்ணு உள்ள போகணும். புரியுதா?"

புரிந்தது என்று முப்பது குரல்கள் கத்தின. ஆசிரியை கைதட்டி எல்லோரையும் வாயில் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். கையுறைப் பெண்ணும் கிளம்பினாள்.

குட்டி மட்டும் போகவில்லை. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து, கழுத்துக்குக் குறுக்கே மெதுவாக இழுத்தாள். ஒரு முறை. இன்னொரு முறை.

அவன் முதுகில் தண்ணீர் ஊற்றினாற்போல் இருந்தது. தண்ணீருக்குள் பேச முடியாதவர்களின் சைகை அது. 'எனக்குக் காற்று தீர்ந்துவிட்டது.'

"இதை யாரு உனக்குச் சொல்லித் தந்தா?"

"மாமா."

"எந்த மாமா?"

"உள்ள இருக்கிற மாமா," என்றாள் குட்டி. "ரொம்ப நேரமா இதையே பண்றார். நீ பார்க்கவே மாட்டேங்கிறியாம்."

மனைவியின் கை அவன் முழங்கையைப் பிடித்தது. அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஒன்றுமில்லை. மரம். மரத்துக்குப் பின்னால் இருட்டு. இருட்டிலிருந்து குமிழ்கள் ஒவ்வொன்றாக ஏறி வலையில் பட்டு உடைந்தன. கூடம் முழுவதும் அந்த மூச்சு. ஸ்ஸ்ஸ். நிறுத்தம். கொப்பளிப்பு.

"அப்பா, மாமா ஒண்ணு கேக்கச் சொன்னார்." குட்டி இன்னும் திரும்பவில்லை. "ஏழாம் வில்லையை யாரு திருப்பினாங்க?"

பதில் நாக்கின் நுனி வரை வந்தது. நான்தான். அவ்வளவுதான். ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் மனைவி அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பாள். போகட்டும், குட்டியாவது அவளோடு போயிருப்பாள். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒன்றைக் கேட்கத் தயாராக இருந்தாள்.

அவனுக்குப் பயம். தண்ணீருக்குள் இருப்பதைவிட, பக்கத்தில் நிற்பவளிடம் பயம்.

"மாமாவேதான் திருப்பினார்," என்றான். "என் கண்ணால பார்த்தேன்."

மூச்சு நின்றது.

இழுப்பு இல்லை. கொப்பளிப்பு இல்லை. அடைமழையின் சத்தம்கூட இல்லை. மூடும் நேரத்து மணி மட்டும் எங்கேயோ அடித்தது. கூடத்தின் கடைசி விளக்கு அணைந்து, நடுவிளக்கு அணைந்து, வாசல் பக்க விளக்கு ஒன்று மிஞ்சியது.

"எனக்கு ஒரு மாதிரி இருக்குங்க. நான் முன்னாடி போறேன்," என்று மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டே வேகமாக நடந்தாள். மஞ்சள் கோட்டு ஒன்று அவள் பின்னால் திரும்பி மறைந்தது. அப்படித்தான் அவனுக்குத் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினான். முடிந்தது என்று நினைத்தான். முழுப் பூசணிக்காயை இன்னொரு முறையும் சோற்றில் மறைத்தாயிற்று.

வாயிலில் மனைவி குடையோடு நின்றாள். பள்ளிக்கூட வண்டி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. பலகையில் அவனுடைய வில்லை மட்டும் சிவப்பு. மற்ற எல்லாம் பச்சை.

ஏழும் பச்சை.

"குட்டி எங்கே?" என்றாள் மனைவி.

"உன்கூடத்தானே வந்தா?"

"என்கூடயா? உங்ககிட்டதானே விட்டுட்டு வந்தேன்!"

காவலாளி சாவிக்கொத்தோடு வந்தார். "பாப்பாவா? அப்பவே வெளிய ஓடிடுச்சே சார். மஞ்சள் கோட்டு. மத்த பசங்களோடயே ஓடிச்சு, முதுகுதான் பார்த்தேன். வில்லையைத் திருப்ப மறந்துடுச்சு. சின்னப் பிள்ளைதானேன்னு…" அவர் சிரித்தார். "நானே திருப்பிட்டேன்."

அவன் பலகையையும் காவலாளியின் கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இப்பதான் யாரோ என்னைத் தாண்டிப் போனாங்க," என்றாள் மனைவி. அவள் குரல் தூக்கத்தில் பேசுகிறவளுடையது போல இருந்தது. "நான் பார்க்கலை. தலையில ஒரு தட்டு தட்டிட்டு… அண்ணன் தட்டுவானே, அது மாதிரி." அவள் உச்சந்தலையைத் தொட்டாள். கூரைக்கு அடியில் நின்றிருந்தவளின் முடியில் தண்ணீர் சொட்டியது.

கீழே பார்த்தான். கல் தரையில் ஈரத் தடங்கள். பெரிய, வெறுங்கால் தடங்கள். உள்ளேயிருந்து வெளியே. போகும் தடம் மட்டும்தான் இருந்தது. வரும் தடம் இல்லை.

ஓடினான்.

இரண்டாம் கூடம். கண்ணாடிப் பெட்டி. அசல் பலகையில் ஏழு பச்சைக்கு மாறியிருந்தது. துணி உலர்ந்திருந்தது.

தடங்கள் கடைசிக் கூடத்திலிருந்து வந்தன. தொட்டியின் கண்ணாடியிலிருந்து நேராகத் தொடங்கின. மேலே இரும்பு வலை. பூட்டு. பூட்டில் துரு. யாரும் தொடாத பூட்டு.

"நான்தான் திருப்பினேன்!" அவன் கண்ணாடியைக் குத்தினான். நான்கு விரற்கடைக் கனம். கை வலித்ததே தவிர கண்ணாடி அசையவில்லை. "மச்சான்! நான்தான்! நான்தான் திருப்பினேன்!"

பின்னால் காலடி வந்து நின்றது. மனைவி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். இனி அது ஒரு பொருட்டா? கேட்க வேண்டியவன் மழையில் நடந்து எங்கேயோ போய்விட்டான், நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு.

மூச்சுச் சத்தம் மறுபடியும் தொடங்கியது. சின்னது. அவசரமானது. பழக்கமில்லாத மூச்சு.

கறுத்த மரங்களுக்கு நடுவே மஞ்சளாக ஒன்று மலர்ந்தது. மழைக்கோட்டு தண்ணீரில் மெதுவாக விரிந்தது. உள்ளே குட்டியின் முகம், கண் திறந்து, அப்பாவையே பார்த்தது. அழவில்லை. இன்றைக்குத்தான் கற்றுக்கொண்ட பாடத்தை மறக்காத நல்ல பிள்ளையாக, வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, கழுத்துக்குக் குறுக்கே இழுத்தாள். ஒரு முறை. இன்னொரு முறை.

மூன்றாம் முறை கை பாதியில் நின்றது.